எலும்பு முறிந்தால்... ஒரு பாடவேளைப் பயிற்சி

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று என் வகுப்பில் ஓர் இடம் காலியாக இருந்தது. அண்ணனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து சென்ற மாணவன் விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. உதவிக்கு வந்தவர்கள் அவனை வேறொரு வண்டியில் இருவருக்கு நடுவே உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டே கொண்டு சென்றிருக்கிறார்கள். முறிந்த முனை வழியிலேயே தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. அவர்களுக்கு நல்ல மனம் இருந்தது; முறை தெரியவில்லை. அந்த முறையை எட்டாம் வகுப்பில் எலும்பு மண்டலம் நடத்தும்போதே கற்பித்துவிடலாம்.

கற்றல் விளைவு: கை, கால் எலும்பு முறிவை அடையாளம் கண்டு, அசையாமல் கட்டி, உதவி அழைத்தல்.

தேவையானவை: பழைய நாளிதழ்கள், அட்டை, துண்டு, துப்பட்டா.

அறிமுகம் (10 நிமிடம்)

மாணவர்கள் தம் கீழ்க்காலின் முன்பக்கத்தைத் தடவிப் பார்க்கட்டும். எலும்பு தோலுக்கு அடியிலேயே தட்டுப்படும். இங்கே முறிந்தால் எளிதில் வெளியே வருவதும், மண்ணும் கிருமியும் உள்ளே போவதும் இதனால்தான். “விழும்போது எதை ஊன்றுவோம்?” என்று கேளுங்கள். மணிக்கட்டும் காறை எலும்பும் ஏன் முறிகின்றன என்பதை அவர்களே சொல்வார்கள். தொடை எலும்பு முறிந்தால், வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் உள்ளேயே கசியலாம். வளர்ந்தவர் உடலில் இருப்பதே சுமார் 5 லிட்டர்தான்.

செயல்பாடு (25 நிமிடம்)

நால்வர் குழுவில் ஒருவர் அடிபட்டவராக நடிக்க, மற்றவர்கள் செய்ய வேண்டியவை:

1. 108-ஐ அழைத்து இடத்தைத் தெளிவாகச் சொல்லுதல்.
2. ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்துதல். எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாமல், அதைச் சுற்றி மட்டும் அழுத்தி, துணியால் மூடுதல்.
3. வீக்கம் ஏறுமுன் மோதிரம், வளையல், கொலுசு, மெட்டியைக் கழற்றுதல்.
4. நகர்த்தியே ஆக வேண்டுமெனில், வளைந்த காலை இழுத்து நிமிர்த்தாமல், சுருட்டிய நாளிதழை வைத்து, முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாதபடி கட்டுதல். கைக்குத் துப்பட்டாவால் தொட்டில் கட்டுதல்.
5. கட்டியபின் விரல்களைப் பார்த்தல். நீலம் பூத்தாலோ, சில்லிட்டாலோ, மரத்தாலோ கட்டைத் தளர்த்துதல்.

அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் தண்ணீர், சோடா எதுவும் தரக்கூடாது. எண்ணெய் தேய்த்து இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, காலையே இழக்க நேரலாம்.

மதிப்பீடு

ஒரு குழு கட்டியதை அடுத்த குழு சோதித்து, காரணத்துடன் திருத்தட்டும்.

வீட்டுக்குச் செல்லும் செய்தி

உதவினால் போலீஸ் கேஸ் வரும் என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்துடன் உதவுபவரைப் பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழகத்தில் விபத்துக்குப்பின் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்கு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது. பின்னால் அமரும் குழந்தையின் பாதம் சக்கரக் கம்பிகளுக்குள் சிக்காமல் கால்மிதியும் சக்கர மறைப்பும் உள்ளனவா என்று வீட்டு வண்டியை மாணவர்கள் பார்த்து வரட்டும்.

மூன்று மாதங்களுக்குப் பிறகு ஊன்றுகோலுடன் திரும்பிய அந்த மாணவன்தான், இப்பயிற்சியில் எங்கள் வகுப்புக்குக் கட்டுப் போடக் காட்டிக்கொடுத்தான்.