'ஆஸ் இஃப்' தொடரில் காலம் மாறுவது ஏன்?

கேள்வி: ஆங்கிலத்தில் நிகழ்காலத்தைச் சொல்லும்போதும் 'ஆஸ் இஃப்' என்பதற்குப் பின் 'வேர்' என்னும் இறந்தகால வினை வருவது ஏன்? – வாசகர், திருவிடந்தை

பதில்: 'ஆஸ் இஃப்', 'ஆஸ் தோ' ஆகியவற்றுக்குப் பின் வரும் இறந்தகால வடிவம் காலத்தைக் குறிக்காமல், சொல்லப்படுவது உண்மையன்று, கற்பனை என்பதையே குறிக்கிறது. மாமல்லபுரத்தில் சரிந்த பாறைமேல் பல நூற்றாண்டுகளாக அசையாமல் நிற்கும் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டையை 'உருளப்போவது போல் நிற்கிறது' என்று ஆங்கிலத்தில் எழுதும்போது, அது உருளாது என்பது தெரிந்ததே ஆதலால், 'இட் ஸ்டாண்ட்ஸ் ஆஸ் இஃப் இட் வேர் அபௌட் டு ரோல்' என்பதே எழுத்து வழக்குக்குத் தகும். பேச்சில் 'வாஸ்' வருவதைப் பிழையென ஒதுக்க வேண்டியதில்லை. கடல்மேல் கருமேகம் திரண்டு மழை மெய்யாகவே வரக்கூடுமாயின், 'இட் லுக்ஸ் ஆஸ் இஃப் இட் இஸ் கோயிங் டு ரெயின்' என நிகழ்காலமே பொருந்தும். தலைமை வினை இறந்தகாலமானாலும் 'வேர்' மாறாது. கற்பனைச் செயல் அதற்கும் முன்பே முடிந்ததாகக் கொண்டால் மட்டும் 'ஹேட்' சேரும்.

தமிழில் 'போல' கற்பனை, மெய் ஆகிய இரண்டிடத்தும் பொதுவாக நிற்பதால் தடுமாற்றம் நேர்கிறது. ஆயினும் இயல்பாக நிகழ்வதன்மேல் புலவர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வதை உவமையிலிருந்து பிரித்துத் தற்குறிப்பேற்ற அணி எனத் தண்டியலங்காரம் வகுத்துள்ளமையால், அதைக் கற்ற மாணவருக்கு இவ்வேறுபாடு விரைவில் பிடிபடும். அந்நூலுக்கு மூலமான காவியாதர்சத்தை இயற்றிய தண்டி, பல்லவர் காலத்துக் காஞ்சியில் வாழ்ந்து, மாமல்லபுரத்துத் திருமால் சிற்பத்தைப் பற்றியும் எழுதியவர்.