கிளாக்சினியா வளர்ப்போம்



பட்டுப் போன்ற இலைகளும் மணி வடிவ மலர்களும் உடைய கிளாக்சினியாவின் தாயகம் பிரேசில் நாடாகும். இதன் குடும்பத்தைச் சேர்ந்த செடிகள் நம் பினாங்குக் கொடிமலையின் ஈர நிழலிலும் இயற்கையாக வளர்கின்றன. ஆகவே, இதற்கும் கடும் வெயில் ஆகாது. வெளிச்சமுள்ள சன்னலோரமே ஏற்றது.

பூந்தொட்டி இல்லையெனில் பால் டின் போதும். அடியில் துளையிட்டு, இலைமக்கும் மணலும் கலந்த மண்ணை நிரப்பி, கிழங்கை மேலாக நடுக. இலைமீது நீர் படாமல் ஓரமாக ஊற்றுக. நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

நல்ல இலையொன்றைக் காம்புடன் ஈரமணலில் ஊன்றினால், அடியில் சிறு கிழங்கு உண்டாகும். இவ்வாறு ஒரு செடியிலிருந்து அண்டை வீடுகளுக்கும் கொடுக்கலாம்.

பூத்து முடிந்தபின் இலைகள் மஞ்சளித்துக் காய்ந்துவிடும். செடி பட்டுப்போயிற்று என்று பலர் அதனை எறிந்துவிடுகின்றனர். உண்மையில், மண்ணுக்குள் கிழங்கு உறங்குகிறது. நீரைக் குறைத்து நிழலில் வைத்திருந்தால், சில மாதங்களில் மீண்டும் துளிர்க்கும்.

பெற்றோர்களே! மெல்லக் கற்கும் பிள்ளையும் இக்கிழங்கு போன்றவனே. அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடாதீர்கள், பொறுத்திருங்கள்.