நிழல் காட்டும் திசையும் நமது காணி எல்லையும்

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களின் காணிகள் 2009க்குப் பின் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. திரும்பிய பலருக்கு வேலியுமில்லை, அடையாளப் பனையுமில்லை. உறுதியும் காணிப்படமுமே உண்டு. அவற்றை நிலத்தோடு பொருத்த நாம் திசையைச் சரியாக அறியவேண்டும்.

சூரியன் உதிக்குமிடமே கிழக்கென்று கொள்ளலாகாது. மார்ச் 21, செப்டெம்பர் 23ஐ அண்டிய நாட்களில் மட்டுமே அது நேர்கிழக்கில் உதிக்கும். யாழ்ப்பாணத்தில் ஜூன் 21 அளவில் ஏறத்தாழ 24 பாகை வடக்கேயும், டிசெம்பர் 22 அளவில் அவ்வளவு தெற்கேயும் விலகும். 100 அடி வேலியில் 1 பாகைப் பிழைகூட மறுமுனையை 1¾ அடி தள்ளிவிடும்.

செய்முறை:

1. கண்ணிவெடி அகற்றப்பட்டதென அறிவிக்கப்பட்ட காணியில், மட்டமான இடத்தில் 4 அடித் தடியொன்றைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நடுவோம்.

2. காலை 9 மணிக்கு நிழல் நுனியில் முளை அடிப்போம். தடியடியில் கயிறு கட்டி, முளை வரையுள்ள நீளத்தால் வட்டம் கீறுவோம்.

3. பிற்பகல் 2.30 முதல் கவனித்திருந்து, நிழல் நுனி மீண்டும் வட்டத்தைத் தொடுமிடத்தில் அடுத்த முளையை அடிப்போம்.

4. காலை முளை மேற்கு, மாலை முளை கிழக்கு. இவற்றை இணைக்கும் கோட்டுக்கு 3, 4, 5 அடிக் கயிற்றால் மூலைமட்டம் பிடித்தால் வடக்கு தெற்குக் கோடு கிடைக்கும்.

படத்தின் வடக்கு அம்புக்குறியை இக்கோட்டோடு பொருத்தினால் ஒவ்வோர் எல்லையும் ஏறத்தாழ எத்திசையில் ஓடுகிறதென விளங்கும். இது திசையையே காட்டும். எல்லைக்கல் நடுவது உரிமம் பெற்ற நில அளவையாளரின் வேலை. அவர் வரும்வரை கதிகால் நாட்டாதிருப்போம். அயலவரையும் அழைத்தே நிழலைப் பார்ப்போம். இருவரும் சேர்ந்து கண்ட கோட்டில் பிணக்குக் குறையும்.