தடய அறிவியலுக்குப் போகிறீர்களா? கல்லூரிக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு “ஃபாரன்சிக் சயின்ஸ் சேரலாமா?” என்று கேட்கும் மாணவர்கள் இப்போது ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு ஒரு புதிய கடமையை வைத்திருக்கிறது. ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை கிடைக்கக்கூடிய குற்றமென்றால், தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போய்த் தடயம் சேகரிக்க வேண்டும். அதை வீடியோவும் எடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் தந்திருக்கிறார்கள். ஆள் தேவை கூடத்தான் செய்யும். கூடவே, இந்த ஆசையைக் காசாக்கும் விளம்பரங்களும் பெருகியிருக்கின்றன. அதனால்தான் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள்

டி.வி. தொடரில் ஒரே ஆள் பிரேதப் பரிசோதனை செய்வார், ரேகை எடுப்பார், கடைசியில் குற்றவாளியைத் துரத்தியும் பிடிப்பார். நிஜத்தில் இவை தனித்தனி வேலைகள். ஒவ்வொன்றுக்கும் வாசல் வேறு.

பிரேதப் பரிசோதனை டாக்டரின் வேலை. அதற்கு எம்.பி.பி.எஸ். முடிக்க வேண்டும்; அதில் நிபுணராக வேண்டுமென்றால் பிறகு தடயவியல் மருத்துவத்தில் எம்.டி. படிக்க வேண்டும். பி.எஸ்சி. ஃபாரன்சிக் படித்தவர் சவக்கிடங்கில் கத்தியைத் தொட முடியாது. இது தெரியாமல் சேர்ந்துவிட்டு மூன்றாம் ஆண்டில் மனம் உடைந்துபோகும் பிள்ளைகள் உண்டு. விசாரணை நடத்திக் கைது செய்வது போலீஸ் வேலை. அதற்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் சப்-இன்ஸ்பெக்டர் தேர்வு இருக்கிறது. விரல் ரேகைப் பிரிவும் தமிழ்நாட்டில் காவல் துறைக்குள்தான் வருகிறது. அறிவியல் பட்டதாரிகளை விரல் ரேகை சப்-இன்ஸ்பெக்டர்களாக அதே வாரியம் தேர்வு செய்திருக்கிறது.

மிச்சமிருப்பது ஆய்வக விஞ்ஞானி. இவர் போலீஸ்காரர் இல்லை. தமிழ்நாடு தடய அறிவியல் துறை உள்துறையின் கீழ் இயங்கும் தனித் துறை. இப்படித் தனித்து இயங்குவதற்கு நான் பெரிய மதிப்பு கொடுக்கிறேன். விசாரணை அதிகாரிக்கு என்ன முடிவு வேண்டும் என்பதைப் பற்றிக் கவலைப்படாமல், பொருள் என்ன சொல்கிறதோ அதை மட்டும் எழுதும் சுதந்திரம் அதில் இருக்கிறது. நாட்டின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-ல் சென்னையில்தான் தொடங்கியது. 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிக் கிடந்த துணுக்குகளைக் கொண்டு அது உடம்பில் கட்டிவந்த பெல்ட் வெடிகுண்டு என்று காட்டியவர், இந்தத் துறையின் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன்.

அடிப்படை அறிவியலைப் படியுங்கள்

என் யோசனை சிலருக்குப் பிடிக்காது. இளநிலையில் ‘ஃபாரன்சிக்’ என்ற பெயருக்காக ஏதோ ஒரு கல்லூரியில் சேர்வதைவிட, நல்ல கல்லூரியில் வேதியியலோ இயற்பியலோ உயிரியலோ படிப்பது மேல். ஆய்வகம் பிரிவு பிரிவாகத்தான் வேலை செய்கிறது. நச்சியல் பிரிவில் கேஸ் குரோமட்டோகிராஃப் முன்னால் உட்காருபவருக்கு வேதியியல் வேண்டும். துப்பாக்கிப் பிரிவுக்கு இயற்பியல், மரபணுப் பிரிவுக்கு உயிரியல், செல்போன் ஆய்வுக்குக் கணினி. அடிப்படை உறுதியாக இருந்தால் முதுநிலையில் தடய அறிவியலுக்கு மாறிக்கொள்ளலாம். இந்த வேலை கிடைக்காமல் போனாலும் மருந்துக் கம்பெனி, உணவு ஆய்வகம் என்று வேறு வழி திறந்திருக்கும்.

இளநிலையிலேயே தடய அறிவியல்தான் என்று உறுதியாக இருப்பவர்கள், காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2020-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசியப் பல்கலைக்கழகம் ஆனது. தனி நுழைவுத் தேர்வு நடத்துகிறது. கணினிக் குற்றத்தில் ஆர்வமென்றால் சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் துறையில் சைபர் ஃபாரன்சிக்ஸ் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. வேறு எந்தக் கல்லூரியானாலும் ஒரு நாள் நேரில் போய் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒப்பீட்டு நுண்ணோக்கி இருக்கிறதா, அதை மாணவர்கள் தொடுகிறார்களா என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

முறையைக் கைப்பழக்கம் ஆக்குங்கள்

பாடப்புத்தகம் வேகமாகத் தாண்டிப்போகும் இடம் இது. பல வழக்குகளின் தலையெழுத்து இங்கேதான் தீர்மானமாகிறது.

ஒரு கொலை நடந்த வீட்டுத் திண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் யாரையும் உள்ளே விடாமல் கயிறு கட்ட வேண்டும். எதையும் தொடும் முன் படம் எடுக்க வேண்டும். தூரத்திலிருந்து ஒன்று, நடுத்தூரத்தில் ஒன்று, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து நெருக்கத்தில் ஒன்று. பார்வை மகஜரும் (சம்பவ இடத்தில் கண்டதை எழுதிய பதிவு) மாதிரி வரைபடமும் தயாராக வேண்டும். அதன் பிறகுதான் பொருளில் கை வைக்க வேண்டும்.

ரத்தக்கறை படிந்த மண்ணை எடுக்கும்போது, சற்றுத் தள்ளிக் கறையில்லாத மண்ணையும் எடுத்துத் தனியாகக் கட்டுவார்கள். நம் ஊர்க் கொலை வழக்குத் தீர்ப்புகளில் ‘ரத்தக்கறை படிந்த மண், சாதாரண மண்’ என்று இரண்டும் சேர்ந்தே வருவது இதனால்தான். சோதனையில் தெரிந்தது கறையால் வந்ததா, அந்த மண்ணிலேயே இருந்ததா என்று பிரித்துச் சொல்ல இரண்டாவது பொட்டலம் இல்லாமல் முடியாது.

ரத்தம் தோய்ந்த சட்டையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுவதுபோல் கெடுதல் வேறில்லை. உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும், பாக்டீரியா பெருகும், மரபணு சிதைந்துவிடும். நிழலில் காற்றாட உலர்த்துங்கள், வெயிலில் போடக் கூடாது. மடிக்கும்போது கறையோடு கறை ஒட்டாமல் இடையில் வெள்ளைத்தாள் வையுங்கள். காகித உறையில் போட்டு முத்திரையிடுங்கள். ஒருவர் சட்டையும் இன்னொருவர் வேட்டியும் ஒரே உறையில் போகவே கூடாது.

விஷ வழக்குகளில் உள்ளுறுப்புகளை உப்பின் பூரிதக் கரைசலில் போட்டு அனுப்புவது வழக்கம். ஆசிட் குடித்த வழக்குகளில் பெரும்பாலும் உப்புக் கரைசல் ஆகாது, ரெக்டிஃபைடு ஸ்பிரிட் வேண்டும். எதில் போட்டாலும் அந்தத் திரவத்தின் மாதிரியைத் தனிப் புட்டியில் கூடவே அனுப்ப வேண்டும். விஷம் உடம்பில் இருந்ததா, புட்டியில் இருந்ததா என்று நாளைக்கு வக்கீல் கேட்பார்.

செல்போன் கிடைத்தால் நோண்டிப் பார்க்காதீர்கள். சிக்னல் புகாத உறையில் போடுங்கள். ஆய்வாளர் மூலக் கருவியில் வேலை செய்ய மாட்டார். பிட் விடாமல் நகலெடுத்து, இரண்டுக்கும் ஹாஷ் மதிப்பு (தரவின் விரல் ரேகை போன்ற எண்) ஒன்றுதானா என்று பார்த்த பிறகு நகலில்தான் தேடுவார். பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவுச் சான்றிதழில் அந்த ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும்.

ஆய்வகத்துக்குள் நடப்பதிலும் ஒன்றை நெருங்கிப் பார்ப்போம். கறையிலிருந்து ஒரு நூல் எடுத்து அதில் ஃபினால்ஃப்தலீன் கரைசல் ஒரு சொட்டு விடுவார்கள். நிறம் மாறக் கூடாது. பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு. சில நொடிகளில் இளஞ்சிவப்பு வந்தால் ரத்தமாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ மட்டும்தான், ஏனென்றால் சில காய்கறிச் சாறுகளும் இதே நிறம் காட்டும். பெராக்சைடு விடும் முன்பே சிவந்தால் அந்தச் சோதனையே செல்லாது. ரத்தம்தான் என்று படிகச் சோதனையில் உறுதியான பிறகும், மனித ரத்தமா, ஆட்டு ரத்தமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். மரபணு அதற்கும் அப்பால். இந்தப் படிகளில் ஒன்றைத் தாண்டிக் குதிக்கத் தோன்றும் மனம் இந்த வேலைக்கு ஆகாது.

தெரிந்ததை மட்டும் எழுதப் பழகுங்கள்

ஆய்வக வேலையில் பாதி எழுத்து வேலை. பொட்டலம் எந்தத் தேதியில் யார் கையில் வந்தது, முத்திரை மாதிரி முத்திரையோடு ஒத்துப்போனதா, உடையாமல் இருந்ததா என்பதில் தொடங்கி எல்லாம் பதிவாக வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் மரபணு முடிவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பலன் இல்லை.

நம் அறிவியலின் வரம்பையும் கற்றுக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் 2009 அறிக்கை, ஒரு தடயத்தைக் குறிப்பிட்ட ஒரு மனிதரோடு உயர்ந்த உறுதியுடன் இணைக்கும் திறன் மரபணுச் சோதனை தவிர வேறெந்த முறைக்கும் கடுமையான ஆய்வில் நிரூபணமாகவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. கையெழுத்து ஒப்பீடு, பல்தடம் பற்றிப் பேசும்போது இதை மறக்கக் கூடாது. சம்மதமில்லாமல் நார்கோ சோதனையோ பாலிகிராஃபோ செய்யக் கூடாது என்று 2010-ல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆய்வகத்தின் ஒரு வரியால் ஒரு மனிதன் ஆயுள் முழுக்கச் சிறைக்குப் போகலாம் என்ற பயம் கடைசிவரை இருக்க வேண்டும்.

தேர்வுகள்

மாநிலத் துறையில் இளநிலை அறிவியல் அலுவலர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. ஆள் எடுக்கிறது. எந்தப் பிரிவுக்கு எந்தப் பட்டம் என்று அறிவிக்கையை வரி வரியாகப் படியுங்கள். தமிழ்த் தகுதிப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற மதிப்பெண்ணுக்குப் பயனில்லை. ஆங்கில வழியில் படித்தவர்கள் இதில்தான் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். ஐதராபாத், கொல்கத்தா, சண்டிகர் போன்ற ஊர்களில் உள்ள மத்தியத் தடய அறிவியல் ஆய்வகங்களின் அதிகாரி பதவிகளுக்கு யு.பி.எஸ்.சி. அறிவிப்புகளைக் கவனியுங்கள். அரசுப் பணியிடங்கள் ஆண்டுதோறும் வருவதில்லை. காத்திருக்கும் காலத்துக்கு வங்கி மோசடி ஆய்வு, இன்சூரன்ஸ் விசாரணை, தனியார் டிஜிட்டல் ஆய்வகங்கள் இருக்கின்றன. மூன்று மாத ஆன்லைன் சான்றிதழைக் காட்டி அரசு வேலை வாங்கித் தருவதாகச் சொல்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பெற்றோரும் பிள்ளையுமாக இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் கொலை வழக்கு விசாரணை பொதுவாகத் திறந்த மன்றத்தில்தான் நடக்கும். நிபுணர் சாட்சி சொல்லும் நாளைத் தெரிந்த வக்கீலிடம் கேட்டுக்கொண்டு, பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்து குறுக்கு விசாரணையை முழுதாகக் கேளுங்கள். அந்தக் கூண்டில் நின்று பதில் சொல்ல ஆசை வந்தால் விண்ணப்பம் போடுங்கள்.