கைபேசிச் செயலியின் உறுப்புகள்: புதியோர்க்கு ஒரு பாடம்

ஏர், மண்வெட்டி, இறைவைப் பம்பு ஆகியவற்றின் வரிசையில் இன்று கைபேசியும் உழவரின் கருவிகளுள் ஒன்றாகிவிட்டது. நமது மாநில அரசு 2018-ஆம் ஆண்டில் ‘உழவன்’ என்னும் செயலியை வெளியிட்டது. மானியத் திட்டங்கள், சந்தை விலை, வானிலை முதலிய விவரங்களை உழவர்கள் அதன் வாயிலாக அறிய முடிகிறது. இத்தகைய செயலிகளைப் பயன்படுத்துவோர் பெருகியிருப்பினும், செயலி என்பது எவ்வெவ் உறுப்புகளால் ஆனது என்பதை அறிந்தோர் நம்மிடையே சிலரே.

ஊராட்சி ஒரு கிணறு வெட்டத் தீர்மானித்தால், ஆழம் எவ்வளவு, உறை எத்தகையது, செலவு மதிப்பீடு யாது என்றெல்லாம் உறுப்பினர்கள் கேட்கின்றனர். “உங்கள் ஊருக்கு ஒரு செயலி செய்து தருகிறோம்” என்று ஒருவர் முன்வரும்போதோ, எதைக் கேட்பது என்று தெரியாமல் தலையசைத்துவிட நேர்கிறது. கிணற்றைப் போலவே செயலிக்கும் உறுப்புகள் உண்டு. அவற்றை அறிந்தவர்க்கே கேள்வி கேட்கும் திறமும் உண்டு. ஊரிலுள்ள படித்த இளைஞர்கள் தாமே ஒரு செயலியைச் செய்து பழகவும் இப்பாடம் துணைபுரியும்.

உதாரணமாக, தெருக்குழாய் பழுதானால் ஊராட்சிக்குத் தெரிவிக்கும் ‘குடிநீர் முறையீட்டுச் செயலி’ ஒன்றை அமைப்பதாக வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் பெரும்பாலோர் கையிலிருப்பது ஆண்ட்ராய்டு வகைக் கைபேசியாதலால், அதற்குரிய முறையையே இங்கு விளக்குவோம்.

1. தாளில் ஒரு திட்டம்

கணிப்பொறியைத் தொடுமுன் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ள வேண்டும். செயலியால் தீர வேண்டிய குறை யாது? அதனைப் பயன்படுத்துவோர் யார்? எத்தனை திரைகள் தேவை? இம்மூன்றையும் எழுதுக. நமது உதாரணத்துக்கு மூன்று திரைகள் போதும். முதல் திரையில் முறையீட்டைப் பதியலாம்; இரண்டாவதில் பதிந்த முறையீடுகளின் பட்டியலைக் காணலாம்; மூன்றாவதில் ஒரு முறையீட்டின் இன்றைய நிலையை அறியலாம். பதிய வேண்டிய செய்திகளும் நான்கே: தெரு, குழாய் எண், பழுதின் வகை, தேதி. இதற்கு மேல் ஒன்றைச் சேர்க்க விரும்பினால், அதன் அவசியத்தை முதலில் நிறுவுதல் வேண்டும்.

2. வேலைக்கான கருவிகள்

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ என்னும் மென்பொருளே இவ்வேலையின் பட்டறை. இதன் முதற்பதிப்பு 2014 டிசம்பரில் வெளிவந்தது. இதற்குக் கட்டணம் இல்லை. இதனை இயக்கக் குறைந்தது 8 ஜிபி நினைவகமுள்ள கணிப்பொறி வேண்டும். நிரல் எழுதும் மொழியாகக் கோட்லினைக் கற்பது நன்று. கூகுள் நிறுவனம் 2017-இல் இம்மொழியை ஏற்று, 2019 முதல் ஆண்ட்ராய்டுப் பணிக்கு இதனையே முதன்மையாகப் பரிந்துரைத்து வருகிறது. முன்னரே ஜாவா பயின்றவர்கள் அம்மொழியிலும் எழுதலாம்.

புதிய திட்டம் ஒன்றைத் தொடங்கியதும், பட்டறை பல கோப்புகளைத் தானாகவே அமைத்துத் தரும். புதியவர்கள் இவ்விடத்தில் மலைப்பது இயல்பு. அவற்றுள் முக்கியமானவை பின்வருவனவே.

3. அறிவிப்புக் கோப்பு

மேனிஃபெஸ்ட் எனப்படும் இக்கோப்பு, செயலியின் பதிவுப் பத்திரம் போன்றது. செயலியில் அடங்கிய முக்கிய உறுப்புகள் எவை, முதலில் திறக்கும் திரை யாது, கைபேசியில் எவற்றைப் பயன்படுத்த அனுமதி வேண்டப்படுகிறது என்பன இதில் எழுதப்பட்டிருக்கும்.

உறுப்பினர்கள் தவறாது பார்க்க வேண்டிய கோப்பு இது. குழாய்ப் பழுதைத் தெரிவிக்கும் செயலி இணையத்தைப் பயன்படுத்தலாம். படம் எடுக்கக் கேமராவையும் கோரலாம். தொலைபேசி எண்களின் பட்டியலையும் குறுஞ்செய்திகளையும் படிக்க அது அனுமதி கோருமாயின், காரணம் கேட்க வேண்டும். 2015-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6.0 பதிப்பு முதல், இத்தகைய முக்கிய அனுமதிகளைச் செயலி இயங்கும்போதே பயனாளரிடம் கேட்டுப் பெறும் முறை நடைமுறையில் உள்ளது. மறுக்கும் உரிமை பயனாளருக்கு உண்டு. மறுத்தவருக்கும் ஏனைய வசதிகள் கிடைக்குமாறு செயலியை அமைப்பதே முறை.

4. திரை

நாம் கண்ணால் காண்பதும் விரலால் தொடுவதும் திரையே. பழைய முறையில் இதன் அமைப்பை எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழியில் தனிக் கோப்பாக எழுதுவர். 2021-இல் முழுமை பெற்ற ஜெட்பேக் கம்போஸ் முறையில், திரையையும் கோட்லின் மொழியிலேயே எழுதிவிடலாம். இன்று புதிதாகக் கற்போர் இரண்டாவது முறையில் தொடங்குவது எளிது.

திரையில் பொத்தான்கள் சிறுத்திருக்கலாகாது. தொடும் இடம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் அகலமும் உயரமும் கொண்டிருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டு வகுத்துள்ள வழிகாட்டுதல். வயல் வேலையால் காய்ப்பேறிய விரல்களுக்கு இதனினும் பெரிதாக அமைத்தல் நலம். வெயிலில் நின்று படிப்போர்க்கு எழுத்தின் நிறமும் பின்னணியின் நிறமும் நன்கு வேறுபட்டிருத்தல் அவசியம்.

5. வளங்கள்

படங்கள், நிறங்கள், திரையில் தோன்றும் சொற்கள் ஆகியவை வளங்கள் எனப்படும். இவற்றை நிரலுக்குள் எழுதாமல் தனி அடைவில் வைப்பதே நெறி. ‘பதிவு செய்க’ என்ற சொல்லைப் பத்து இடங்களில் எழுதியிருந்தால் பத்து இடங்களிலும் திருத்த வேண்டிவரும். சொற்கோப்பில் ஒருமுறை எழுதினாலோ, திருத்தமும் ஒருமுறையே.

ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனிச் சொற்கோப்பு வைக்கலாம். கைபேசியில் அமைத்துள்ள மொழிக்கேற்பச் செயலி உரிய கோப்பைத் தேர்ந்துகொள்ளும். உரிய கோப்பு இல்லையேல் பொதுக் கோப்பைக் காட்டும். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நம் ஊரார் பலரது கைபேசி ஆங்கில அமைப்பிலேயே இருக்கிறது. தமிழைத் தனிக் கோப்பிலும் ஆங்கிலத்தைப் பொதுக் கோப்பிலும் வைத்தால், அவர்களுக்கு ஆங்கிலமே தோன்றும். ஆகவே ஊருக்கான செயலியில் பொதுக் கோப்பையே தமிழில் எழுதிவிடுதல் சிறந்த வழி.

6. நிரல்

திரை உடலானால் நிரல் உயிர். பொத்தானைத் தொட்டவுடன் நிகழ வேண்டியது யாது, குழாய் எண்ணை எழுதாமல் விட்டால் எவ்வாறு எச்சரிப்பது என்பவற்றையெல்லாம் நிரலே முடிவு செய்கிறது. ஆண்ட்ராய்டில் திரையைத் தாங்கி நிற்கும் உறுப்புக்கு ஆக்டிவிட்டி என்று பெயர்.

ஒருவர் முறையீட்டை எழுதிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அழைப்பு வருமாயின், ஆக்டிவிட்டி பின்னணிக்குச் செல்லும். நினைவகம் போதாதபோது கைபேசி அதனை முற்றிலும் அகற்றிவிடவும் கூடும். கைபேசியைப் பக்கவாட்டில் திருப்பினாலும் பொதுவாகத் திரை மீண்டும் புதிதாக அமைக்கப்படுகிறது. பாதி எழுதியதைப் பாதுகாக்க நிரலில் வழி செய்யாவிடில், எழுதியவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேரிடும். இருமுறை இவ்வாறு நேர்ந்தால், அவர் அச்செயலியை மீண்டும் திறக்கமாட்டார்.

7. தரவுக் களஞ்சியம்

பதிந்த செய்திகள் தங்குமிடம் இரண்டு. ஒன்று கைபேசிக்குள் உள்ளது. ஆண்ட்ராய்டுடன் இணைந்தே வரும் எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளம் இதற்கு உதவுகிறது. மற்றொன்று வெளியே உள்ள வழங்கி. ஊராட்சிச் செயலர் தம் கணிப்பொறியில் முறையீடுகளைக் காண வேண்டுமாயின், வழங்கி இன்றியமையாதது.

அலைபேசிக் கோபுரத்தின் வீச்சு எட்டாத குக்கிராமங்களில், முறையீட்டை முதலில் கைபேசியிலேயே சேமித்து, இணைப்புக் கிடைத்தபின் வழங்கிக்கு அனுப்பும் ஏற்பாடு வேண்டும். வழங்கிக்குத் தொடர்ச் செலவு உண்டு என்பதையும் மறத்தலாகாது. பம்பு செட்டு வாங்கும் பணம் வேறு, மின் கட்டணம் வேறு என்பது உழவர் அறிந்ததே.

மக்களின் பெயரும் எண்ணும் பதியப்பட்டால், அவற்றைக் காக்கும் கடமையும் உடன் வருகிறது. எந்நோக்கத்துக்காகத் தகவல் பெறப்படுகிறது என்பதை உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற நெறியை, 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்துள்ளது.

8. கட்டமைப்பும் கையொப்பமும்

மேற்கூறிய எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பொதியாக்கும் கருவிக்குக் கிரேடில் என்று பெயர். இதன் கோப்பில் செயலியின் அடையாளப் பெயர், பதிப்பு எண், எவ்வளவு பழைய ஆண்ட்ராய்டு வரை இயங்க வேண்டும் என்பன குறிக்கப்படும். ஊரில் பழைய கைபேசிகள் உள்ளனவா என்று கணக்கெடுத்தபின் கடைசிக் குறிப்பை முடிவு செய்க.

இறுதியாக, பொதியின்மீது மின்னணுக் கையொப்பம் இடப்படுகிறது. முந்தைய பதிப்பில் உள்ள கையொப்பத்துடன் பொருந்தாத புதிய பதிப்பைக் கைபேசி ஏற்காது. கையொப்பச் சாவி தொலைந்தால், பழைய செயலியை அனைவரும் நீக்கிப் புதியதை நிறுவ வேண்டிவரும்; கைபேசிக்குள் மட்டும் சேமித்தவை அழிந்துபோகும். ப்ளே ஸ்டோரில் 2021 ஆகஸ்டு முதல் புதிதாக வெளியிடப்படும் செயலிகளுக்கு, கையொப்பச் சாவியைக் கூகுள் நிறுவனமே காத்து வருகிறது. எனினும் அங்குள்ள கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ, செயலியும் அவர் வசமே இருக்கும். அக்கணக்கைத் தொடங்க ஒரே ஒருமுறை 25 அமெரிக்க டாலர் செலுத்தினால் போதும். இச்சிறு தொகையை மிச்சம் பிடிக்க எண்ணி, ஊரின் செயலியை வேறொருவர் கணக்கில் வெளியிடுவது, பொதுக் கிணற்றைத் தனியார் பட்டாவில் வெட்டுவதற்கு ஒப்பாகும்.

ஊராட்சி கேட்க வேண்டியவை

செயலி செய்து தர முன்வருவோரிடம் இந்த ஆறு கேள்விகளைக் கேட்டு, விடைகளை எழுத்து மூலம் பெறுக.

அ. எந்தெந்த அனுமதிகள் கோரப்படுகின்றன? ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன?
ஆ. இணைப்பு இல்லாதபோது செயலி இயங்குமா?
இ. தரவு எங்கே சேமிக்கப்படுகிறது? ஆண்டுச் செலவு எவ்வளவு?
ஈ. நிரலின் மூலக் கோப்புகள் ஊராட்சிக்கு ஒப்படைக்கப்படுமா?
உ. கணக்கும் சாவியும் யார் பெயரில் இருக்கும்?
ஊ. ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புகள் வரும்போது செயலியைத் திருத்தித் தருபவர் யார்?

கற்க விரும்பும் இளைஞர்கள் ஒரே திரையுடன் தொடங்குக. ஒரு பெட்டி, ஒரு பொத்தான், தொட்டால் தோன்றும் ஒரு சொல் ஆகியவை முதற்பாடத்துக்குப் போதும். சோதிக்கத் தனிக் கருவி தேவையில்லை. கைபேசியின் அமைப்புகளில் உள்ள கட்டமைப்பு எண்ணை ஏழு முறை தொட்டால் உருவாக்குநருக்கான வசதிகள் திறக்கும். அங்கே யூ.எஸ்.பி. பிழைதிருத்த வசதியை இயக்கி, கணிப்பொறியுடன் இணைத்து, எழுதியதைத் தம் கைபேசியிலேயே கண்டுகொள்ளலாம்.

ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். செயலி முறையீட்டைக் கொண்டுசேர்க்குமேயன்றிக் குழாயைப் பழுதுபார்க்காது. பட்டியலைக் காலையில் பார்க்க ஒருவரும், பழுதைச் சரிசெய்ய ஒருவரும் பொறுப்பேற்ற பின்னரே செயலியைத் தொடங்குக. தீர்ந்தவை எத்தனை, தீராதவை எத்தனை என்று கிராம சபையில் படித்துக் காட்டுக. அப்பொழுதுதான் செயலிக்கு இட்ட உழைப்பும் பணமும் ஊருக்குப் பயன் தரும்.