நெஞ்சுப்பட்டியா, கைக்கடிகாரமா?

கட்டுகஸ்தோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பின் மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று கைக்கடிகாரங்களின் படங்களும் பார்த்தேன். மூன்றும் வடிவுதான். மூன்றும் வேண்டாம் என்பதுதான் என் பதில். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீ ஏன் என்று கேட்பாய், நான் விளக்கத் தொடங்க உன் பெரியப்பா பக்கத்திலிருந்து கிரிக்கெட் ஸ்கோர் சொல்லத் தொடங்குவார். கடிதத்தில் யாரும் குறுக்கே கதைக்க ஏலாது.

நீ ஜிம்முக்குப் போகத் தொடங்கியது எனக்குச் சந்தோசம். பேராதனை வளாகத்தில் ஹில்டா விடுதிக்கும் அக்பர் பாலத்துக்கு அப்பால் உள்ள பொறியியல் பீடத்துக்கும் இடையில் தினமும் ஏறி இறங்குகிறாளே, அது போதாதா என்று உன் அம்மா என்னிடம் கேட்டாள். போதாது. ஏற்றம் காலுக்கும் நெஞ்சுக்கும் வேலை கொடுக்கும், தோளுக்கும் முதுகுக்கும் கொடுக்காது. அவளிடம் நான் கதைத்துக்கொள்கிறேன்.

ஜிம்மில் இதயத் துடிப்பை அளக்கக் கடிகாரத்தைவிட நெஞ்சுப்பட்டிதான் நல்லது, ஏனென்று சொல்கிறேன். இதயம் சுருங்குவதற்குச் சற்று முன் அதற்குள் மெல்லிய மின்சாரம் ஒன்று ஓடும். நெஞ்சில் கட்டும் பட்டி அந்த மின்சாரத்தைத் தோலின் மேலிருந்தே பிடிக்கிறது. வைத்தியசாலையில் நான் வருடக்கணக்காக எடுத்த ஈ.சி.ஜி.யும் அதே மின்சாரம்தான். நாங்கள் உடம்பில் பத்து இடத்தில் பொருத்துவோம், பட்டிக்கு இரண்டு இடம் போதும். கடிகாரம் செய்வது வேறு வேலை. அதன் அடியில் மினுங்கும் பச்சை விளக்கைக் கண்டிருப்பாய். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டுத் தோலின் கீழ் இரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளி குறைந்து கூடும். அந்த அசைவை எண்ணித்தான் கடிகாரம் துடிப்பைச் சொல்கிறது.

நீ கதிரையில் இருந்து படிக்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். கோளாறு ஜிம்முக்குள் போன பிறகு. டம்பெல்லை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டின் தசைநார்கள் புடைக்கும், அந்த இடத்தில் இரத்த ஓட்டமும் நெரிபடும். புஷ்-அப் எடுக்கும்போது மணிக்கட்டு மடங்க, கடிகாரத்தின் முதுகு தோலை விட்டு எழும்பி வெளிச்சத்தை உள்ளே விடும். ட்ரெட்மில்லில் வேறொரு வேடிக்கை. ஓடுகிறவர்களின் கால் நிமிடத்துக்கு 160, 170 தடவை நிலத்தில் படும். சில வேளை கடிகாரம் அந்தக் கால் தாளத்தையே இதயத் துடிப்பென்று எடுத்துக்கொள்ளும். உன் உண்மையான துடிப்பு 135-இல் இருக்க, அது 168 என்று காட்டும். நீ பயந்து வேகத்தைக் குறைப்பாய். பயப்பட ஒன்றுமே இருந்திருக்காது.

நான் ஈ.சி.ஜி.காரி, அதனால் மின்சாரத்தின் பக்கம் சாய்கிறேன் என்று நினைக்காதே. 2017-இல் அச்சில் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவில் கிளீவ்லண்ட் கிளினிக்கில் 50 பேரை ட்ரெட்மில்லில் ஏற்றி, ஈ.சி.ஜி.யோடு சேர்த்து நெஞ்சுப்பட்டியும் மணிக்கட்டுக் கருவிகளும் கட்டிப் பார்த்தார்கள். பட்டி ஈ.சி.ஜி.யோடு அனேகமாக ஒட்டியே போனது. மணிக்கட்டுக் கருவிகள் எல்லாமே அதற்குப் பின்னால்தான். அதன் பிறகு கடிகாரங்கள் நன்றாக முன்னேறியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் மணிக்கட்டு முன்னேறவில்லையே! அது இன்னும் அதே இடத்தில்தான் மடங்குகிறது.

நம்முடைய கறுத்த தோலில் பச்சை ஒளி வேலை செய்யுமா என்று நீ கேட்டது நல்ல கேள்வி. டியூக் பல்கலைக்கழகத்தில் பல நிறத் தோல் உள்ள 53 பேரிடம் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். தோலின் நிறத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஓய்வாக இருக்கும்போது வரும் பிழையைவிட உடம்பு அசையும்போது வரும் பிழை சராசரியாக 30 சதவீதம் கூட இருந்தது. நிறத்தை விட்டுவிட்டு அசைவைப் பார்.

பெண்பிள்ளைக்குப் பட்டியில் ஒரு கரைச்சல் உண்டு, அதைச் சொல்லாமல் விட மாட்டேன். அது மார்புக்குச் சற்றுக் கீழே, ஸ்போர்ட்ஸ் பிராவின் அடி இலாஸ்டிக் வரும் இடத்திலேயே வந்து நிற்கும். இரண்டு இறுக்கம் ஒன்றின் மேல் ஒன்று. பிராவின் இலாஸ்டிக்குக்குக் கீழே பட்டி தோலில் நேரே படும்படி போட்டுவிட்டு, குனிந்து நிமிர்ந்து, மூச்சை நிறைய இழுத்துப் பார். மூச்சு முட்டினால் ஒரு சுற்றுத் தளர்த்து. சிலருக்கு எப்படிப் போட்டாலும் ஒத்துவராது. அப்படியானால் முழங்கைக்குக் கீழே, முன்கையின் சதைப்பிடிப்பான இடத்தில் கட்டும் கைப்பட்டி வாங்கு. அதுவும் பச்சை ஒளிதான், ஆனால் அங்கே எலும்பும் தசைநாரும் குறைவு, மடங்கும் மூட்டும் இல்லை. அதனால் மணிக்கட்டை விட நம்பலாம். போலார் நிறுவனத்தின் வெரிட்டி சென்ஸ் அந்த வகை.

நெஞ்சுப்பட்டியில் பெயர்பெற்றது போலாரின் எச்10. 1977-இல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் தொடங்கிய நிறுவனம் அது. பனிச்சறுக்கு வீரர்களுக்காக வயர் இல்லாத முதல் துடிப்புமானியை 1982-இல் விற்றவர்களும் அவர்களே. ஆனால் உனக்கு எச்10 தேவையில்லை. அதன் தம்பி எச்9 போதும். அதுவும் கைக்கு எட்டாவிட்டால் கூஸ்போ, மஜீன் போன்ற சீனத்துப் பட்டிகளும் இந்த ஒரு வேலையை ஒழுங்காகவே செய்கின்றன. 2022-இல் ரூபாய் விழுந்த பிறகு இறக்குமதிச் சாமான் எதுவும் மலிவில்லை. ஆனாலும் நீ காட்டிய கடிகாரங்களோடு பார்த்தால் பட்டிக்குக் காசு குறைவுதான். புளூடூத், ஆன்ட் பிளஸ் இரண்டும் இருக்கிறதா என்று கேள். புளூடூத் உன் போனுக்கு, மற்றது சில ஜிம் மெஷின்களுக்கு. நாணயம் போன்ற சிறு பற்றரி போடும் வகை நல்லது. அதை எந்தக் கடையிலும் வாங்கலாம், நீயே மாற்றலாம்.

எதை வாங்கினாலும் கடையில் வைத்தே சோதி. கண்டியில் கடைக்காரர் முகம் சுளித்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வா. முதலில் சும்மா நின்று, மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக மூன்று விரலை வைத்து அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கு. கருவி காட்டும் எண்ணோடு ஒப்பிடு. பிறகு கடையின் படிக்கட்டில் விரைவாக ஏறி இறங்கி, உடனே பதினைந்து செக்கன் எண்ணி நாலால் பெருக்கு. (பதினைந்து செக்கன் ஏனென்றால், நின்றவுடன் துடிப்பு மளமளவென்று இறங்கும். அரை நிமிடம் எண்ணினால் பாதி போய்விடும்.) மலிவான கைப்பட்டி, கடிகாரம் என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. கழற்றி மேசையில் வை, இல்லாவிட்டால் சுருட்டிய துண்டில் கட்டு. அப்போதும் 78, 80 என்று எண் காட்டுகிறதென்றால் அதைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடு.

அடுத்தது, வாங்கிய பிறகு அந்த எண்ணை என்ன செய்வது. இதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

போனில் உள்ள செயலி உன் வயதைக் கேட்டுவிட்டு, 220-இலிருந்து அதைக் கழித்து, உன் உச்சத் துடிப்பு 199 என்று முடிவெடுக்கும். பிறகு அதை ஐந்தாகப் பிரித்து நீலம், பச்சை, சிவப்பு என்று வர்ணம் பூசும். இந்த 220 கணக்கு 1971-இல் ஃபாக்ஸ், ஹாஸ்கெல் முதலியவர்கள் அதுவரை வந்த தரவுகளைச் சேர்த்துப் பார்த்து இழுத்த ஒரு கோடு. 2001-இல் டனாகா என்பவரும் கூட்டாளிகளும், வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிக்கச் சொன்னார்கள். அப்படிப் பார்த்தால் உனக்கு 193. எதுவானாலும் அது சராசரிதான். ஒரே வயதுக்காரர் இருவருக்குள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படி அப்படி இருப்பது சாதாரணம். சிவப்பு வந்துவிட்டதே என்று நீ பதறும் நேரத்தில் உன் இதயம் தன் பாட்டுக்கு வசதியாக ஓடிக்கொண்டிருக்கலாம்.

இதைவிட நல்ல கணக்கு கார்வோனனுடையது, 1957. அவரும் பின்லாந்துக்காரர்தான். பனியில் ஓடுகிறவர்களுக்கு இதில் என்ன அவ்வளவு அக்கறையோ! காலையில் கட்டிலை விட்டு எழும்ப முன் உன் துடிப்பை எண்ணு. 70 என்று வைப்போம். உச்சம் 193 என்றால் இடையில் 123 இருக்கிறது. அதில் 60 சதவீதம் ஏறக்குறைய 74. அதோடு 70-ஐக் கூட்டினால் 144. 70 சதவீதம் என்றால் 156. மூச்சு வாங்கவைக்கும் பயிற்சியில் பெரும்பகுதி இந்த 144-க்கும் 156-க்கும் இடையில் நடந்தால் போதும். உன் ஓய்வுத் துடிப்பு கணக்கில் வருவதால் இது உன் உடம்போடு கொஞ்சமாவது ஒத்துப்போகும். அதையும் வாயால் சரிபார்த்துக்கொள். முழு வசனமாகக் கதைக்க முடிந்தால் எண் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டால், திரை என்ன சொன்னாலும் நீ கூட ஓடுகிறாய்.

பாரம் தூக்கும்போது பட்டியைப் பெரிதாகக் கவனிக்காதே. பத்து முறை தூக்கி முடிந்து வைத்த பிறகுதான் துடிப்பு உச்சத்துக்குப் போகும். தசை எவ்வளவு வேலை செய்தது என்பதை அந்த எண் சொல்லாது. மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினால் இரத்த அழுத்தம் ஏறும், அதை எந்தப் பட்டியும் காட்டாது. தூக்கும்போது மூச்சை வெளியே விடு. ஒரு சுற்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் துடிப்பு இறங்கிவிட்டதா என்று பார்க்கலாம். பாரத்தைப் பொறுத்தவரை பட்டியால் அவ்வளவுதான் பிரயோசனம்.

கலோரி எண்ணைப் பார்க்கவே வேண்டாம். ஸ்டான்ஃபோர்டில் 60 பேரிடம் ஏழு கருவிகளைச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். துடிப்பில் ஆறு கருவிகள் 5 சதவீதத்துக்குள் நின்றன. கலோரியில், ஏழிலும் நல்லதே சராசரியாக 27 சதவீதம் பிழை, மோசமானது 93 சதவீதம். அந்த எண்ணை நம்பித்தான் பிள்ளைகள் ஜிம்மால் வந்து ஒரு முழுக் கொத்துரொட்டியை முடிக்கிறார்கள்.

பட்டியால் உண்மையான பிரயோசனம் உன்னை உன்னோடேயே ஒப்பிடுவதில். குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு ஏறும் வழி இருக்கிறதே, இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, அதே இடத்தில் தொடங்கி, அதே நேரத்துக்குள் ஏறு. மேலே போனதும் எண்ணைக் குறி. ஒரு நிமிடம் நின்று திரும்பவும் குறி. ஏறியதும் வரும் எண் மாதத்துக்கு மாதம் குறைந்து, அந்த ஒரு நிமிடத்தில் இறங்கும் அளவு கூடினால் உன் உடம்பு முன்னேறுகிறது. கோயிலுக்குப் போனதாகவும் ஆகும். விடுமுறையில் யாழ்ப்பாணம் போகும்போது மட்டும் இந்த ஒப்பீட்டை விட்டுவிடு. சித்திரை வெயிலில் தோலைக் குளிர்விக்கவும் இரத்தம் தேவை. அதே வேகத்தில் ஓடினாலும் துடிப்பு பத்து, பதினைந்து கூடத்தான் நிற்கும். பழகியதெல்லாம் போய்விட்டதே என்று எனக்குச் செய்தி அனுப்பாதே.

காலைத் துடிப்பை எண்ணு என்று சொன்னேன், அதை எழுதியும் வை. வழக்கமாக 70 இருப்பது காரணமில்லாமல் இரண்டு மூன்று நாள் 80-க்கு மேல் நின்றால் அன்று ஜிம் வேண்டாம். நித்திரைக் குறைவோ சோதனைப் பயமோ இருக்கலாம், காய்ச்சல் வரப்போவதாகவும் இருக்கலாம். காய்ச்சலோடு ஒரு நாளும் பயிற்சி செய்யாதே. டெங்கு உள்ள ஊரில் இருக்கிறாய், வைரஸ் காய்ச்சல் சில வேளை இதயத் தசையையும் தொடும். காய்ச்சல் விட்ட பிறகும் உடனே ஓடாதே. துடிப்பு எப்போதுமே வேகமாக இருந்து, படியேறினால் களைப்பும் முகம் வெளிறலுமாக இருந்தால் இரத்தச் சோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உன் வயதுப் பெண்பிள்ளைகளுக்கு அது சாதாரணமாக வருவது. நெஞ்சு நோ, மயக்கம், காரணமில்லாமல் துடிப்பு தாறுமாறாக ஓடுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் செயலியைத் திறந்துகொண்டு நிற்காமல் நேரே பேராதனை வைத்தியசாலைக்குப் போ, எனக்கும் சொல்லு.

பராமரிப்பு சுருக்கமாக. கட்ட முன் பட்டியின் உள்பக்கத்தை பைப் தண்ணீரில் நனை. காய்ந்த தோலில் மின்சாரம் ஏறாது, முதல் ஐந்து நிமிடம் 200-க்கு மேலெல்லாம் காட்டும். நெஞ்சில் கிறீம், எண்ணெய் பூசிக்கொண்டு போகாதே. வைத்தியசாலையில் எங்களுக்கு எண்ணெய் துடைப்பதே பாதி வேலை. பயிற்சி முடிந்ததும் நடுவில் உள்ள சிறு கருவியைக் கட்டாயம் கழற்று. ஈரப் பட்டியில் கிடந்தால், நீ கட்டியிருக்கிறாய் என்று நினைத்து பற்றரியைத் தின்னும். பட்டியை அலசிக் காற்றில் உலர்த்து. கார்த்திகை மழையில் விடுதி அறையில் எதுவும் காயாது, மணக்கத் தொடங்கும், அதனால் மின்விசிறிக்குக் கீழே போடு. துணியை மென்மையாக்கும் திரவங்கள் வேண்டாம்.

பட்டிக்கான காசை நாளைக்கே உன் கணக்கில் போடுகிறேன், கடிகாரத்துக்கு அல்ல. வாங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே கொண்டு வா. முதலில் நான் உன் கையைப் பிடித்து எண்ணுகிறேன், பிறகு பெரியப்பாவுக்குக் கட்டிப் பார்ப்போம். கடைசி ஓவரில் அவர் துடிப்பு எவ்வளவு போகிறது என்று எனக்கும் அறிய ஆசை.

அன்புடன்,
பெரியம்மா