இவ்வளவு பெரியவர் நம் இரட்சகர்!

வேத பாடம்: எபிரெயர் 3:1-6, 7:22-27

 

இயேசு பெரியவர் என்று பாடுகிறோம், கை தட்டுகிறோம். ஆனால் எதிலே பெரியவர், எவ்வளவு பெரியவர் என்று கேட்டால் அநேகருக்குச் சொல்லத் தெரிவதில்லை. எபிரெயர் நிருபம் இதைக் கற்றுக்கொடுக்கிற விதம் அருமையானது. யூதர்கள் மதித்த மோசேயை அது தாழ்த்தவில்லை. மோசே உண்மையுள்ள ஊழியக்காரன் என்று ஒப்புக்கொண்டு, அவனிலும் இயேசு எவ்வளவு அதிக மகிமைக்குரியவர் என்று காட்டுகிறது. நாமும் அதே வழியில், நம்ம பள்ளத்தாக்கு மதிக்கிற ஒரு மனுஷனை வைத்து இரட்சகரைத் தியானிப்போம்.

அவர்தான் கர்னல் பென்னிகுயிக். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் நம் சீமையை வாட்டியது. ஜனங்கள் பசியால் செத்தார்கள். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் பெரியாற்றுத் தண்ணீர் மேற்கே ஓடிக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஆற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்புகிற வேலை 1887-இல் ஆரம்பித்து, 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. இன்றைக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று பொங்கல் வைக்கிற ஊர்கள் உண்டு. பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கிறார்கள். லோயர் கேம்பில் 2013-இல் மணிமண்டபமும் திறக்கப்பட்டது. இந்த நன்றி நல்லதுதான். ஆனால் அவரிலும் பெரியவர் ஒருவர் உண்டு!

1. இறங்கி வந்ததில் பெரியவர்

பென்னிகுயிக் துரை காட்டுக்குள் வந்தார். மழையும் காய்ச்சலும் மிருகங்களும் உள்ள இடத்தில் பாடுபட்டார். ஆனாலும் துரையாகவே வந்தார், துரையாகவே திரும்பிப் போனார். நம் இரட்சகரோ தேவனுடைய ரூபமாயிருந்தும் அடிமையின் ரூபம் எடுத்தார் (பிலிப்பியர் 2:6-8). மாட்டுத் தொழுவத்தில் பிறந்தார். தச்சனாய் உழைத்தார். விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத் தோட்டத்துக்குப் போகிற சகோதரியே, உன் இடுப்பு வலி அவருக்குத் தெரியும். மேலே நின்று உத்தரவு போடுகிற இரட்சகர் அல்ல அவர்.

2. கொடுத்த விலையில் பெரியவர்

அணை கட்டும்போது வெள்ளம் வந்து ஆரம்ப வேலைகளை அடித்துக்கொண்டு போனது. மலேரியாவாலும் மற்ற நோய்களாலும் அநேக கூலித் தொழிலாளிகள் அந்தக் காட்டிலேயே மரித்தார்கள். பெரும்பாலானவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. நாம் குடிக்கிற தண்ணீருக்குள் அவர்கள் ஜீவன் இருக்கிறது. ஆனால் சாகவேண்டும் என்று அவர்கள் போகவில்லை; பிழைக்கத்தான் போனார்கள். இயேசுவோ சிலுவை இருக்கிறது என்று தெரிந்தே எருசலேமுக்குப் போனார். ஒருவரும் அவர் ஜீவனைப் பறிக்கவில்லை, அவரே மனதாரக் கொடுத்தார் (யோவான் 10:18). அதுவும் யாருக்காக? நண்பர்களுக்காக மட்டுமா? தமக்குச் சத்துருக்களாய் இருந்த நமக்காக (ரோமர் 5:10). அல்லேலூயா!

3. முடித்த வேலையில் பெரியவர்

சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டின அந்த அணை இன்னும் நிற்கிறது. ஆனாலும் 1979க்குப் பிறகு அதைப் பலப்படுத்த வேண்டியிருந்தது. எவ்வளவு தண்ணீர் தேக்கலாம் என்று இரண்டு மாநிலங்களுக்குள் வழக்கு நடந்து, 142 அடி வரை தேக்கலாம் என்று 2014 மே 7 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. மனுஷன் செய்கிற எந்த வேலையும் அப்படித்தான். திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டும், பூசவேண்டும்.

கூடலூர்ப் பக்கம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒரு தாயார் என்னிடம் கேட்டார்கள்: "ஐயா, நான் செஞ்ச பாவம் கொஞ்சநஞ்சமில்ல. பத்து வருஷமா அழுது ஜெபிக்கிறேன். இன்னும் எத்தனை உபவாசம் இருந்தா ஆண்டவர் மன்னிப்பாரு?" நான் சொன்னேன்: "அம்மா, உபவாசம் நல்லது. ஆனா அது உங்க பாவத்துக்குக் கட்டுற தவணை இல்ல. கடனை அவர் எப்பவோ முழுசா அடைச்சிட்டாரு." பழைய ஏற்பாட்டு ஆசாரியர் தினந்தோறும் நின்றுகொண்டு பலி செலுத்தினார்கள். இயேசு ஒரே தரம் பலியாகி, தேவனுடைய வலதுபாரிசத்தில் உட்கார்ந்தார் (எபிரெயர் 10:11-12). உட்கார்ந்தார் என்றால் என்ன? வேலை முடிந்தது என்று அர்த்தம்! அதற்கு மேல் பூச ஒன்றுமில்லை. "என் பாவம் அவரைவிடப் பெரிசு" என்று சொல்லுவது தாழ்மை போலத் தெரியும். ஆனால் அது இரட்சகரைச் சிறியவராக்குகிறது.

4. தடுப்பை உடைத்ததில் பெரியவர்

நடுவிலே மலை நின்றதால் அந்தப் பக்கம் வெள்ளம், இந்தப் பக்கம் வறட்சி. மலையைத் துளைத்த பிறகுதான் நமக்குத் தண்ணீர். இயேசு தம்முடைய சரீரத்தினாலே யூதனுக்கும் புறஜாதிக்கும் நடுவே நின்ற சுவரைத் தகர்த்தார் (எபேசியர் 2:14). வாய்க்கால் தண்ணீர் தலைமடைக்காரருக்கு முந்திக் கிடைக்கும். கடைமடைக்காரர் ராத்திரியெல்லாம் மண்வெட்டியோடு காத்துக் கிடக்கவேண்டும். கல்வாரியின் கிருபைக்கோ கடைமடை கிடையாது! சமாரியா ஸ்திரீக்கும் அதே ஜீவத்தண்ணீர், நிக்கொதேமுவுக்கும் அதே இரட்சிப்பு.

பிரியமானவர்களே, 1989-இல் போடிப் பக்கம் நடந்த சாதிக் கலவரத்தை நம்மில் மூத்தவர்கள் மறக்கவில்லை. உலகத்தார் பிரிந்து நிற்கலாம். ஆனால் திருவிருந்தில் ஒரே அப்பத்தில் பங்குபெற்றுவிட்டு, வெளியே போனதும் "அவங்க அந்தத் தெருக்காரங்க" என்று சொல்லுகிறவன் எந்த இரட்சகரை ஆராதித்தான்? அவர் இரத்தம் சிந்தி இடித்த சுவரை நாம் மறுபடியும் கல் வைத்துக் கட்டலாமா? அவரைப் பெரியவர் என்று வாயினால் பாடி, வீட்டுப் பந்தியில் சிறியவராக்க வேண்டாம்.

தேவ பிள்ளையே, அணையிலே தண்ணீர் நிறைந்திருந்தும் மடையைத் திறக்காதவன் வயல் காய்ந்துதான் கிடக்கும். இன்றே உன் இருதயத்தின் மடையைத் திற. பாவபாரத்தை அவரிடத்தில் இறக்கி வை. இந்த வாரத்திலே, நீ இதுவரை தள்ளிவைத்த ஒரு சகோதரன் வீட்டுக்குப் போய் அவனோடு உட்கார்ந்து சாப்பிடு. இரட்சகர் எவ்வளவு பெரியவர் என்று உன் தெரு அதிலே காணட்டும்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, உம்முடைய குமாரனை எங்கள் இரட்சகராகத் தந்தீரே, ஸ்தோத்திரம். அவர் முடித்த வேலையில் இளைப்பாறவும், அவர் இடித்த சுவரை மறுபடியும் கட்டாதிருக்கவும் பரிசுத்த ஆவியானவராலே எங்களுக்குப் பெலன் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.